சிவில் 3டி: யூனிட் தகராறும் அதைத் தீர்க்கும் கட்டளையும்

ஆர்க்கிடெக்ட் அனுப்பிய கட்டடத்தின் அகலம் 12 மீட்டர். அதை எக்ஸ்ரெஃப் ஆகச் சர்வே டிராயிங்கில் சேர்த்தால் 304.8 மீட்டருக்கு விரிந்து, மனை எல்லையையும் சாலையையும் சேர்த்து மூடிவிடுகிறது. லேஅவுட், வடிகால், சாலை என்று எதை வடிவமைப்பவருக்கும் இது பழகிய தொல்லைதான். ஆட்டோடெஸ்கின் சிவில் 3டி, யூனிட்டை எப்படிக் கையாளுகிறது என்று சோதிக்க இதையே எடுத்துக்கொண்டேன்.

டிராயிங்கில் ஒரு கோட்டின் நீளம் வெறும் எண். 12,000 என்பது மில்லிமீட்டரா அங்குலமா என்று சொல்வது ‘இன்ஸ்யூனிட்ஸ்’ என்கிற அமைப்பு மட்டுமே. அதில் 1 என்றால் அங்குலம், 2 அடி, 4 மில்லிமீட்டர், 6 மீட்டர். நம் ஊரில் கட்டட வரைபடங்களைப் பெரும்பாலும் மில்லிமீட்டரில் வரைகிறார்கள். ஆனால் ஃபைலை அங்குல டெம்ப்ளேட்டில் தொடங்கியிருந்தால் அந்த இடத்தில் 1 அப்படியே நின்றுவிடும். சிவில் 3டி அதை நம்பி, 12,000 அங்குலத்தை மீட்டராக மாற்றுகிறது. கணக்கு துல்லியம், நம்பிய தகவல்தான் பொய்.

எக்ஸ்ரெஃப் சேர்க்கும் ஜன்னலின் ஓரத்தில் யூனிட், ஃபேக்டர் என்று இரண்டு சிறு கட்டங்கள் இருக்கின்றன. மில்லிமீட்டர் ஃபைல் மீட்டர் டிராயிங்குக்குள் வரும்போது அங்கே 0.001 தெரிய வேண்டும். 0.0254 தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இவ்வளவு முக்கியமான தகவலைக் கண்ணில் படாத மூலையில் வைத்திருப்பது இந்த மென்பொருளின் பெரிய குறை என்பேன்.

பலரும் ஸ்கேல் கட்டளையில் ஒரு எண்ணைத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போகிறார்கள். கண்ணுக்குச் சரியாகிவிடும், ஃபைலுக்குள் இருக்கும் பொய் அப்படியே இருக்கும். அடுத்து அதைச் சேர்ப்பவருக்கும் அதே கதிதான். சரியான மருந்து, முன்னால் ஒரு சிறுகோடு போட்டுத் தட்ட வேண்டிய ‘-டிடபிள்யூஜியூனிட்ஸ்’. இதை இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதல் முறை யூனிட்டை மில்லிமீட்டர் என்று சொல்லி, “இருப்பவற்றை ஸ்கேல் செய்யவா?” என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ என்க; கோடுகள் அசையாமல், பொய் மட்டும் திருந்தும். இரண்டாம் முறை மீட்டரைத் தேர்ந்து அதே கேள்விக்கு ‘ஆம்’ என்றால் எல்லாம் ஒழுங்காகச் சுருங்கும். பிறகு ‘டிஸ்ட்’ போட்டு, அளவு தெரிந்த இரண்டு தூண்களுக்கு இடையே அளந்து பார்த்துவிட வேண்டும். நான் சோதித்த ஃபைல்களில் இது பிசகவே இல்லை. கட்டளை வரியில் வரிசையாக வரும் கேள்விகளுக்குப் பதில் ஒரு ஜன்னல் இருந்திருந்தால் புதிதாக வருபவர்களுக்கும் இது கைவந்திருக்கும்.

கோடுகளுக்கும் பிளாக்குகளுக்கும்தான் இந்த வைத்தியம். சர்ஃபேஸ், அலைன்மென்ட், காரிடார் ஆகியவற்றை இப்படிச் சுருக்கிச் சமாளிக்கப் பார்ப்பது ஆபத்து. டோட்டல் ஸ்டேஷனிலிருந்து மீட்டரில் வந்த புள்ளிகளை யாரோ அடி டெம்ப்ளேட்டில் இறக்கியிருந்தால், எண்கள் சரியாகவே இருக்கும், டிராயிங்தான் தவறு. மீட்டர் டெம்ப்ளேட்டில் புது டிராயிங் திறந்து புள்ளிகளை மறுபடி இறக்குவதே நல்லது. சர்ஃபேஸை மாற்ற லேண்ட்எக்ஸ்எம்எல் உதவும்; அந்த ஃபைல் தன் யூனிட்டைத் தானே சுமந்து வருகிறது. ஒரு கன மீட்டர் மண் என்பது 35.31 கன அடி. மண்வேலைக் கணக்கில் யூனிட் குழம்பினால் ஒப்பந்தத் தொகையே குழம்பிவிடும்.

டிராயிங் செட்டிங்ஸில் அடி, மீட்டர் இரண்டுக்கு மட்டுமே இடம். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். யூடிஎம் மண்டலத்தையும் அங்கேயே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டை 78 டிகிரி தீர்க்கரேகை பிரிக்கிறது: கோவை 43-ஆம் மண்டலம், சென்னையும் மதுரையும் 44. இது ஒரு சோதனைக்கும் உதவும். சென்னைப் புள்ளியின் நார்த்திங் மீட்டரில் 14 லட்சத்தை ஒட்டி வரும். 47 லட்சம் போலக் கண்டால் எங்கோ அடி நுழைந்திருக்கிறது.

அமெரிக்க வேலை எடுத்துச் செய்பவர்கள் அதே பக்கத்தில் இருக்கும் இன்னொரு தேர்வைக் கவனிக்க வேண்டும். சர்வதேச அடி 0.3048 மீட்டர்; அமெரிக்க சர்வே அடி 1200-ஐ 3937-ஆல் வகுத்த மீட்டர். வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். ஆனால் 6,00,000 மீட்டர் ஈஸ்டிங், ஒன்றில் 19,68,503.937 அடி, மற்றதில் 19,68,500 அடி. கிட்டத்தட்ட நான்கு அடி விலகல்! திரையில் வடிவம் கொஞ்சமும் மாறாது; எந்த எச்சரிக்கையும் வராது. சர்வே அடியை 2022 இறுதியோடு அந்நாட்டு அளவியல் நிறுவனங்கள் விலக்கிவிட்டன என்றாலும் பழைய டிராயிங்குகள் புழக்கத்தில்தான் இருக்கின்றன. எந்த அடி என்று அனுப்பியவரிடம் எழுத்தில் வாங்காமல் அந்த ஃபைலில் ஒரு கோடும் போடாதீர்கள்.