சந்தேகத்தின் பேரில் மருந்து: கோழிக்குஞ்சுகளின் ரத்தக் கழிச்சல்

மூன்று வார வயதுக் குஞ்சு இறக்கையைத் தொங்கவிட்டு, சிறகு சிலிர்த்து, கண்ணை மூடி ஒடுங்கி நின்றால், வளர்ப்போர் நினைவுக்கு முதலில் வருவது ரத்தக் கழிச்சல்தான். பரிசோதனை ஏதும் செய்யாமல் அன்றே குடிநீரில் ஆம்ப்ரோலியம் என்னும் மருந்தைக் கலந்து வைப்பது கோழி வளர்ப்பில் பரவலான வழக்கம். கால்நடை மருத்துவர்களும் பல நேரம் இதற்கு உடன்படுகிறார்கள். வழக்கத்தில் நியாயம் உண்டு; அதன் எல்லை எது என்பதில்தான் குழப்பம்.

நோய்க்குக் காரணம் எய்மீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணி. கோழியைத் தாக்கும் முக்கிய இனங்கள் ஏழு. குஞ்சுகளுக்கு மிகக் கொடியவற்றுள் ஒன்று எய்மீரியா டெனெல்லா. எச்சத்தோடு வெளிவரும் அதன் தடித்த ஓடுடைய, முட்டை போன்ற ஊசிஸ்டுகள், ஈரமும் வெப்பமும் உள்ள கூளத்தில் ஓரிரு நாளில் தொற்றும் நிலையை அடைகின்றன. குஞ்சு அவற்றைக் கொத்தி விழுங்கியதும் ஒட்டுண்ணி குருட்டுக்குடலின் சுவருக்குள் புகுந்து தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறது. இரண்டாம் தலைமுறை வெடித்து வெளியேறும்போது குடற்சுவர் சிதைந்து ரத்தம் கொட்டும். இது தொற்றிய நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் நிகழ்வது. புதிய ஊசிஸ்டுகள் எச்சத்தில் தென்பட ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். எச்சப் பரிசோதனையில் உறுதியாகட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் குஞ்சு செத்துவிடலாம். சந்தேகத்திலேயே மருந்தைத் தொடங்குவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. ஆம்ப்ரோலியமும் ஓரளவு பாதுகாப்பானது. தயமின் எனப்படும் வைட்டமின் பி1 போன்ற வடிவம் கொண்டு, ஒட்டுண்ணி அதை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. அளவோடு தந்தால் கோழிக்குப் பெரிய தீங்கில்லை.

அதே கால அட்டவணைதான் முறையின் வரம்பையும் காட்டுகிறது. ஆம்ப்ரோலியம் பெரிதும் தாக்குவது முதல் தலைமுறையை. ரத்தம் கழியும் குஞ்சு அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. மருந்து அதற்குச் செய்யக்கூடியது குறைவு. உண்மையில் பயன்பெறுபவை கூடவே திரியும், இன்னும் நோய் வெளிப்படாத குஞ்சுகள். தளர்ந்ததை மட்டும் பிரித்து மருந்து புகட்டிவிட்டு மற்றவற்றைச் சும்மா விடுவது முறையையே தலைகீழாக்குகிறது. இன்னொன்று: மறுதொற்று இல்லாவிட்டால் இந்நோய் தானே அடங்கும் இயல்புடையது. ஐந்து நாளில் தேறிய குஞ்சு மருந்தால்தான் தேறியது என்று அடித்துச் சொல்ல முடியாது. மருந்தின் நற்பெயரில் ஒரு பங்கு இப்படிச் சேர்ந்ததே.

பெருங்குறை, மருந்து வைத்ததும் காரணம் தேடுவதை நிறுத்திவிடுவது. கம்போரோ நோய் தாக்குவதும் ஏறத்தாழ இதே மூன்று முதல் ஆறு வார வயதில்தான். ஒடுக்கமும் கழிச்சலும் அதிலும் உண்டு, ஆனால் அது வைரஸ் நோய். முதல் வாரத்துக் குஞ்சு தளர்ந்தால் அடைகாப்பான் சூட்டையும் தொப்புள் தொற்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். ரத்தக் கழிச்சல் முற்றுவதற்கு அந்த வயது போதாது. குருட்டுக்குடலிலிருந்து இயல்பாகவே வரும் பழுப்பு நிறக் குழம்பெச்சத்தை நோய் என்று நினைத்துப் பதறுவோரும் உண்டு. குடற்புழு மருந்து தருவது வேறு வகைத் தவறு. அல்பெண்டசோலும் பைப்பரசினும் உருளைப்புழுவுக்கானவை. எய்மீரியா புழுவே அல்ல.

தெளிவு பெற எளிய வழி, செத்த குஞ்சைப் புதைக்குமுன் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு சென்று திறந்து பார்ப்பது. இரு குருட்டுக்குடலும் வீங்கி உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் டெனெல்லா. நடுக்குடல் ஊதி, வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் இருந்தால் எய்மீரியாவின் மற்றோர் இனமான நெகாட்ரிக்ஸ். தொடைத் தசையில் ரத்தத் திட்டும் கழிவாயருகே வீங்கிய பர்சா என்னும் உறுப்பும் கம்போரோவைக் காட்டும். மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் சாவு குறையாவிட்டால், பலர் செய்வதுபோல் அளவைக் கூட்டாமல் இந்தச் சோதனைக்குத்தான் போக வேண்டும்.

அளவிலும் பிழைகள் மலிந்துள்ளன. ஆம்ப்ரோலியத்தின் வழக்கமான அளவு லிட்டருக்கு 120 மில்லிகிராம், கடுமையானால் 240. மூன்று முதல் ஐந்து நாள். பிறகு 60 மில்லிகிராம் வீதம் ஓரிரு வாரம். வேறு தண்ணீர் கிடைக்கக் கூடாது. சத்துக்காக பி காம்ப்ளக்ஸையும் சேர்த்துக் கலப்பவர், அதிலுள்ள தயமினால் மருந்தின் வேலையைக் குறைத்துவிடுகிறார். அது மருந்துக் காலம் முடிந்தபின் தர வேண்டியது. சல்ஃபா மருந்துகள் பிந்திய தலைமுறையையும் தாக்கக்கூடியவை. ஆயினும் சிறுநீரகத்தைப் பாதிப்பதால், கம்போரோவை ரத்தக் கழிச்சல் என்று தவறாக எண்ணித் தந்தால் கேடு கூடும். இறைச்சியிலும் முட்டையிலும் மருந்தின் மிச்சம் தங்கும்.

கூளத்தில் கிடக்கும் ஊசிஸ்டுகளை எந்த மருந்தும் தொடுவதில்லை. வழக்கமான கிருமிநாசினிகளுக்கும் அவை பெரும்பாலும் மசிவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஒழுகும் கொட்டகையில், மருந்து நின்ற அடுத்த வாரமே தொற்று திரும்பலாம். தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள ஈரக் கூளத்தை அள்ளி மாற்றுவதும், மீதியைக் கிளறி உலர்த்துவதும், குஞ்சு நெரிசலைக் குறைப்பதும் மருந்து வைக்கும் அன்றே தொடங்க வேண்டிய வேலைகள்.