மற்களமும் சின்னத்திரையும்: கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியைக் காணும் முறை

முன்னுரை

நாடகம், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றைத் தமிழ்த் திறனாய்வு தன் ஆய்வெல்லைக்குள் கொண்டுவந்து நெடுங்காலமாகிறது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் விளையாட்டோ பெரும்பாலும் அவ்வெல்லைக்கு வெளியிலேயே நிற்கிறது. அது வெறும் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆனால் மற்போரைக் கண்டு பாடிய புலவர்கள் நம் மரபில் உண்டு. புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களும் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியவை. முதல் மூன்றைச் சாத்தந்தையாரும் அடுத்த மூன்றை நக்கண்ணையாரும் பாடினர். இவற்றுள் 80ஆம் பாடலும் 85ஆம் பாடலும் ஒரு போட்டியை எவ்வாறு காண்பது என்பதற்கான இருவேறு முறைகளை நமக்குத் தருகின்றன. அவற்றைத் துணையாகக் கொண்டு, இன்று தொலைக்காட்சி வழியே வீடுகளுக்குள் வரும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியை அணுக இக்கட்டுரை முயல்கிறது. ரசிகராக இருந்துகொண்டே ஒருவர் திறனாய்வாளராகவும் இருக்க இயலுமா என்பதே நாம் எழுப்பும் வினா.

ஜாலான் புசார் முதல் காலாங் வரை

சிங்கப்பூருக்கு மற்போர் புதிதன்று. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் பகுதியில் 1923ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘நியூ வோர்ல்ட்’ கேளிக்கைப் பூங்காவில் குத்துச்சண்டையும் மல்யுத்தமும் நடைபெற்றன. பஞ்சாபிலிருந்து 1940களின் பிற்பகுதியில் இங்கு வந்து மல்யுத்தம் பயின்ற தாரா சிங், பின்னாளில் இந்தியத் திரையுலகம் வரை புகழ்பெற்றார். அவரும் ‘கிங்காங்’ என்னும் பட்டப்பெயர் கொண்ட மல்லரும் மோதிய கதைகளை முதியோர் இன்றும் சொல்வதுண்டு. அம்மோதல்களில் எது மெய்ப்போர், எது ஒத்திகை பார்த்த ஆட்டம் என்னும் ஐயமும் அன்றே இருந்தது. எனவே ஐயத்தோடு பார்த்தல் என்பது இந்நகரின் பார்வையாளர்க்குப் பழைய பழக்கமே.

அப்பூங்கா இன்று இல்லை. அதன் நுழைவாயில் மட்டும் பேரர் பார்க் நிலையத்திற்கு அருகிலுள்ள கடைத்தொகுதியின் முன் நினைவுச் சின்னமாக நிற்கிறது. 2003 ஜூன் 20 அன்று திறக்கப்பட்ட வடகிழக்கு ரயில் பாதை, லிட்டில் இந்தியாவையும் பேரர் பார்க்கையும் செங்காங் புதுநகரோடு இணைத்தது. களமும் பார்வையாளரும் அருகருகே இருந்த நிலை மாறி, களம் காலாங்கிலுள்ள உள்ளரங்கத்திலும் பார்வையாளர் செங்காங் போன்ற புறநகர்களின் அடுக்குமாடி வீடுகளிலும் அமையும் நிலை உருவாகியது. 2011 செப்டம்பர் 3 அன்று அதே உள்ளரங்கத்தில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்திய ‘ஒன்’ நிறுவனம், சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஆசியா முழுவதும் இப்போட்டிகளை ஒளிபரப்பத் தொடங்கியது. இவ்விடைவெளியை நிரப்புவது தொலைக்காட்சிப் படக்கருவி. அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதே அடுத்து ஆராயத்தக்கது.

2017 மே 26: ஒரு போட்டியின் வாசிப்பு

தமிழ்ப் பார்வையாளர் தனிக் கவனம் கொள்ளத்தக்க போட்டி ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். 2017 மே 26 அன்று காலாங் உள்ளரங்கத்தில், வெல்டர்வெயிட் உலகப் பட்டத்திற்காக அமெரிக்கரான பென் அஸ்க்ரனை எதிர்கொண்டவர் கோலாலம்பூரைச் சேர்ந்த மலேசியத் தமிழர் அகிலன் தாணி. அதுவரை தோல்வியே காணாத அவருக்கு அப்போது வயது 21. அஸ்க்ரனோ 2008ஆம் ஆண்டின் பெய்ச்சிங் ஒலிம்பிக்கில் அமெரிக்கா சார்பில் மல்யுத்தத்தில் போட்டியிட்டவர். 2014 முதல் அப்பட்டத்தை வைத்திருந்தவர்.

இத்தகைய ஒளிபரப்புகள் போட்டிக்கு முன்னரே ஒரு கதையை அளித்துவிடுகின்றன. பதின்ம வயதில் மிகுந்த உடற்பருமனோடு இருந்த இளைஞர், பயிற்சியால் உடலை மாற்றி உலகப் பட்டத்தின் வாயில்வரை வந்தார் என்பதே அகிலனைப் பற்றிய கதை. அது உண்மையானது, மனத்தைத் தொடுவதும்கூட. ஆயினும் கதையின் இயல்பே அதற்குப் பொருத்தமான முடிவைப் பார்வையாளரை எதிர்பார்க்கச் செய்வதாகும். துன்பம், முயற்சி, வெற்றி என்னும் வரிசை நம் திரைப்படங்களால் நன்கு பழக்கப்பட்டது. களம் அவ்வரிசைக்குக் கட்டுப்படுவதில்லை. முதற்சுற்றின் 2 நிமிடம் 20 வினாடியில், தரையில் வீழ்த்தப்பட்ட நிலையில், கையையும் கழுத்தையும் சேர்த்து நெரிக்கும் பிடியில் அகிலன் தோற்றார்.

செங்காங்கில் வீவக வீடொன்றில் நண்பர்கள் சிலர் இப்போட்டியின் பதிவைக் கண்டபோது நாமும் உடனிருந்தோம். இரு வீரரும் நின்றவரை அறை முழுதும் ஆரவாரம். தரைக்குச் சென்றதும் ஆரவாரம் குழப்பமாயிற்று. “எழுந்திரு தம்பி, எழுந்திரு!” என்றார் ஒருவர். முடிந்தபின் மற்றொருவர், “பெரிய அடி ஒன்றும் விழவில்லையே, எப்படி முடிந்தது?” என்று வினவினார். அவ்வினாவை அறியாமை என ஒதுக்குதல் தகாது. தோல்வியைக் கண்டவர்கள் தோற்ற விதத்தைக் காணவில்லை என்பதையே அது உணர்த்துகிறது. தோற்ற விதம் தெரியாதபோது எஞ்சுவது, ‘நம்மவன் தோற்றான்’ என்னும் வருத்தமோ, ‘தகுதி இல்லை’ என்னும் இகழ்ச்சியோதான். இரண்டுமே அவ்விளைஞரின் உழைப்புக்கு நியாயம் செய்வன அல்ல.

தரைப்போரும் சொற்குறையும்

அப்பிடியில் நிகழ்வது யாது? தாக்குபவர் தம் கையால் எதிராளியின் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து வளைக்கிறார். கழுத்தின் ஒருபுறம் தாக்குபவரின் கை அழுத்துகிறது. மறுபுறம் எதிராளியின் தோளே அழுத்துகிறது. மூச்சைவிட மூளைக்குச் செல்லும் குருதியோட்டமே முதலில் தடைப்படுகிறது. சில வினாடிகளுக்குள் வீரர் கையால் தட்டித் தோல்வியை ஒப்ப வேண்டும், இன்றேல் நினைவிழப்பார். தம் தோளே தமக்குப் பகையாகும் இந்நுட்பத்தை அறிந்தவர்க்கு, அந்த 2 நிமிடம் 20 வினாடியும் வெறுமையான நேரமன்று. ஒவ்வோர் இடுப்பசைவும் ஒரு வினா. ஒவ்வொரு கைநகர்வும் ஒரு விடை.

படக்கருவி அடியை எளிதில் காட்டும். எடையைக் காட்ட அதனால் இயலாது. ஒருவர் மார்பின்மேல் மற்றொருவர் உடல் அழுந்தும் கனம் திரையில் தெரிவதில்லை. அதனை ஈடுசெய்ய வேண்டியது வருணனை. நாம் கண்ட பதிவின் வருணனை ஆங்கிலத்தில் இருந்தது. கலைச்சொற்கள் விரைந்து வந்துபோயின. நம் பார்வையாளரிடமோ ‘அடி’, ‘உதை’, ‘குத்து’ என்னும் சொற்களே மிகுதி. சொல் இல்லாத இடத்தில் கண் தங்குவதில்லை.

இக்குறை தமிழின் குறையன்று. சாத்தந்தையாரின் 80ஆம் பாடலை நோக்குக. ஆமூர் மல்லனைக் கிள்ளி அடக்கும் காட்சியில், ஒரு கால் பகைவனின் மார்பை அழுத்துவதும் மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகில் வளைவதும் தனித்தனியே கூறப்படுகின்றன. பசியுற்ற யானை மூங்கிலைத் தின்ன முயலுங்கால் அதனை வளைத்து முறிப்பது உவமையாகிறது. இது தரைப்போரை அறிந்த கண். எந்தக் கால் எங்கு உள்ளது என்பதைப் புலவர் பார்த்திருக்கிறார். மேலும், மகனோடு மனம் வேறுபட்டிருந்த தந்தை தித்தன் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இக்காட்சியைக் காண வேண்டும் என்கிறார். விருப்பு வெறுப்பைக் கடந்தும் திறன் காணத்தக்கது என்பது இதன் கருத்து. பிடி, பூட்டு, நெரிப்பு, புரட்டு, வீழ்த்து எனச் சொற்கள் நம்மிடம் உண்டு. அவற்றை இப்போட்டிகளோடு பொருத்திப் பயன்படுத்தும் பழக்கமே தேவை.

திரை காட்டாத எடை

நுட்பத்தைக் காண்பதோடு திறனாய்வாளரின் பணி முடிவதில்லை. சாத்தந்தையார்க்கு இல்லாத ஒரு பொறுப்பு தொலைக்காட்சிப் பார்வையாளர்க்கு உண்டு. ஏனெனில் இவர் காண்பது ஒரு நிறுவனம் விற்கும் காட்சி. 2015 டிசம்பரில் மணிலாவில் ‘ஒன்’ நிறுவனத்தின் நிகழ்ச்சி ஒன்றில் மோதவிருந்த சீன வீரர் யாங் ஜியான் பிங், எடைப்பிரிவுக்கு ஏற்ப உடல் எடையைக் குறைக்கும் முயற்சியில் மயங்கி விழுந்து, டிசம்பர் 11 அன்று உயிரிழந்தார். அவருக்கு வயது 21. பட்டத்திற்காக அகிலன் களமிறங்கியபோது இருந்த அதே வயது.

போட்டிக்கு முன் உடலின் நீரை வெளியேற்றி எடையைக் குறைத்தலும், எடை பார்த்தபின் மீண்டும் நீரேற்றிக்கொள்ளுதலும் இவ்விளையாட்டில் உலகெங்கும் பரவிய வழக்கம். அது திரைக்குப் பின்னே நிகழ்வது. திரையில் நாம் காணும் மெலிந்து இறுகிய உடல், பல நேரங்களில் அதன் விளைவே. யாங்கின் இறப்புக்குப் பின்னர் அந்நிறுவனம் நீரிழப்பு முறையைத் தடைசெய்து, வீரரின் உடலில் நீர் போதுமான அளவு உள்ளதா எனச் சோதிக்கும் விதியைக் கொண்டுவந்தது. விதி மாறியது நன்று. அதற்கு ஓர் உயிர் விலையாயிற்று என்பதும் நினைவிற்குரியது.

இவ்விளையாட்டைக் காண்பதே தவறு என்பாரும் உளர். அமெரிக்க மேலவை உறுப்பினர் ஜான் மெக்கேன் 1990களில் இதனை மனிதரை வைத்து நடத்தும் சேவற்சண்டை எனச் சாடினார். அக்கண்டனம் பயனற்றுப் போகவில்லை. 1993இல் மிகச் சில விதிகளோடு தொடங்கிய போட்டி, எடைப்பிரிவுகளும் தடைசெய்யப்பட்ட தாக்குதல்களும் கொண்ட விளையாட்டாக மாறியதில் அதற்குப் பங்குண்டு. ஆயினும் முற்றாக ஒதுங்கியிருப்பவர் எடைக்குறைப்பைப் பற்றிக் கேள்வி எழுப்புவது அரிது. எந்த வீரர் ஒரே ஆண்டில் எத்தனை முறை வீழ்ந்தார், யார் போதிய ஓய்வின்றித் திரும்பினார் என்பதை அறிந்திருப்பவர் தொடர்ந்து காணும் ரசிகரே. ஆகவே கேள்வி கேட்கும் கடமையும் அவருக்கே முதலில் உரியது.

களத்தின் காலத்தையே திரை தீர்மானிக்கிறது என்பதையும் இங்குச் சுட்ட வேண்டும். 2022 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை, காலாங்கில் நடந்த யுஎப்சி 275 நிகழ்ச்சியின் முதன்மைப் போட்டிகள் சிங்கப்பூர் நேரப்படி காலையில் நடைபெற்றன. அமெரிக்க வீடுகளில் அது சனிக்கிழமை இரவு. ஐந்தாம் சுற்று முடிய 28 வினாடிகளே இருந்தபோது கிளோவர் டெய்செய்ராவை நெரிப்புப் பிடியால் வென்று ஜிரி புரோஹாஸ்கா பட்டம் பெற்றார். களம் நம் ஊரில். கடிகாரம் வேறோர் ஊரில். இவ்வுண்மை போட்டியின் சிறப்பைக் குறைப்பதில்லை. காட்சி யாருக்காக அமைக்கப்பட்டது என்பதை உணர்த்துகிறது.

நிறைவுரை

இனி 85ஆம் பாடலுக்கு வருவோம். கிள்ளி போரிடும் ஊரும் நாடும் அவனுடையவை அல்ல. ஆதலால் ஒருசாரார் வெற்றி அவனுக்கே என்கின்றனர். மற்றொரு சாரார் இல்லை என்கின்றனர். நக்கண்ணையார் இரு கூற்றையும் கேட்கிறார். பின் சிலம்பொலிக்க ஓடித் தம் வீட்டுப் பனையைச் சார்ந்து நின்று, அவன் வெல்வதைத் தாமே காண்கிறார். அவர் நடுவர் அல்லர். அவன்மேல் காதல் கொண்டவர். எனினும் பிறர் சொல்லை நம்பி நிற்காமல் கண்ணால் காண விழைந்தார். பற்றும் காண்டலும் ஒருவரிடத்தே ஒருங்கே இருக்கலாம் என்பதற்கு இப்பாடல் சான்று.

பற்றினால் மட்டும் பார்ப்பவர் 2017 மே 26 உடன் அகிலனை விட்டுவிட்டிருப்பர். தொடர்ந்து பார்த்தவர்களோ 2019 ஜூன் 15 அன்று ஷாங்காயில், 2002ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டில் ஜப்பானுக்கு ஜூடோவில் தங்கம் வென்று தந்த யோஷிஹிரோ அக்கியாமாவை அவர் நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பால் வென்றதைக் கண்டனர். தரைக்கு இழுக்கப்படுவதன் பொருளை நன்கறிந்த ஜூடோ வீரரை முழுநேரமும் எதிர்த்து நின்று பெற்ற வெற்றி அது. முந்தைய தோல்வியின் நுட்பத்தை அறிந்தவர்க்கே இவ்வெற்றியின் அளவு விளங்கும்.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு வாய்ப்புண்டு. இவ்வீரர்களின் பெயர்களை மாணவர்கள் அறிவர். போட்டியைப் பற்றி அவர்கள் பேசுவதோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஒரு போட்டியின் இரண்டு நிமிடத்தை ஒலியின்றிக் காட்டி, எந்தக் கை எங்குச் சென்றது, ஏன் சென்றது எனத் தமிழில் எழுதச் சொல்லலாம். அதன்பின் 80ஆம் பாடலைப் படிக்கச் செய்தால், அது அவர்களுக்குத் தேர்வுக்குரிய பழம்பாடலாக மட்டும் தோன்றாது. தம்மைப்போல் களத்தை உற்றுப் பார்த்த ஒருவரின் கூற்றாகத் தோன்றும்.