ஆவாரை பூத்த குன்றுகள்

காட்பாடியில் ரயில் ஏறி ஜோலார்பேட்டை வரை ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் குன்றுகள் கூடவே வரும். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என எந்த ஸ்டேஷனில் வண்டி நின்றாலும் பின்னால் ஒன்று தலை நீட்டும். தெற்கே ஜவ்வாது மலை, வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய தொடர், நடுவில் மணலாய்க் கிடக்கும் பாலாறு. அந்தப் பெரிய தொடர்களிலிருந்து விலகி, வயல்வெளிக்குள் தனியாக வந்து நிற்கும் குட்டைக் குன்றுகளைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஊருக்கு வருகிறவர்கள் ஏலகிரிக்குப் போகிறார்கள். நல்ல மலை; குளிர் உண்டு, படகு உண்டு. ஆனால் உயர்ந்த மலையில் நின்றால் கண் தொலைவைத் தேடி ஓடிவிடுகிறது. ஏறி இறங்க ஒரு காலைப்பொழுது போதும் என்கிற குன்றில் அது காலடியிலேயே மேய்கிறது. இந்தப் பக்கத்துக் குன்றுகள் அப்படிப் பார்க்கத் தகுந்தவை.

முதலில் பாறை. தூரத்தில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிவது, கையை வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை. வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி ஓடும் வரிகள். சில இடங்களில் வரி நேராகப் போய்க்கொண்டிருந்து திடீரென்று மடங்கி, வளைந்து, மீண்டும் நேராகும். ஒரு காலத்தில் இந்தப் பாறை ஆழத்தில், சூட்டில், மாவுப்பதமாகப் பிசைபட்டதற்கு அந்த மடிப்புதான் சாட்சி. கறுப்பு வரியில் விரலால் தேய்த்தால் மைக்காச் செதில்கள் மினுங்கும். வெள்ளை வரியில் குவார்ட்ஸ். இடையே இளஞ்சிவப்பாக ஃபெல்ட்ஸ்பார். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. ஜவ்வாது மலைப் பக்கம் நெருங்க நெருங்கக் கல் இருண்டு, எண்ணெய் தடவியதுபோலப் பளபளப்பும் லேசான நீலமும் ஏறும். அது சார்னகைட். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல், நம் சென்னைப் பக்கத்துக் கல் என்பதால் வந்த பெயர்.

இந்தப் பாறை உரிகிற விதத்தை நின்று கவனிக்க வேண்டும். பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் மேற்பரப்பு விரிந்து சுருங்கி, கனமான தகடுகளாகப் பெயர்ந்து கிடக்கிறது. தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது ஓசையில் தெரியும். பெயர்ந்த தகட்டுக்கு அடியில் இருக்கும் புதிய பாறை வெளிர் நிறம். பழைய பரப்பெல்லாம் மழைத் தாரை வழிந்து வழிந்து கறுத்த கோடுகள். அந்தக் கறுப்பின் மேல் வட்ட வட்டமாகப் பாறைப்பூச்சு படர்ந்திருக்கும். சாம்பல் பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று, சுருங்கிக் காய்ந்த கறுப்பு ஒன்று. மழைக்கு முன் பார்த்தால் செத்தது மாதிரி இருக்கும். முதல் தூறலில் சில நிமிடங்களிலேயே நிறம் எழும்பிவிடும். தேய்ந்த பள்ளங்களில் நீர் தேங்கி நிற்பதைச் சுனை என்கிறோம். உள்ளங்கை அளவுச் சுனையிலும் தலைப்பிரட்டைகள் ஓடும்.

பாறை ஓணானைக் காணாமல் இறங்கக் கூடாது. இணை தேடும் பருவத்தில் ஆண் ஓணானின் முதுகு செங்கல் சிவப்பாகவும் பக்கவாட்டும் அடிப்பகுதியும் மைக்கறுப்பாகவும் மாறும். கூர்ந்த பாறை விளிம்பில் ஏறி, முன்னங்கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கித் தாழ்த்தும். நாம் நெருங்கினால் அந்தச் சிவப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கும். பெண் ஓணான் பாறையின் நிறமேதான், அசைந்தால்தான் தெரியும்.

வேலூரிலிருந்து நடப்பவர்களுக்குப் பாலமதி. ஓட்டேரி ஏரியைத் தாண்டி மேலே வளைந்து போகும் சாலை, உச்சியில் முருகன் கோயில். சாலை இருக்கிறதே என்று வண்டியில் போய்விடுகிறார்கள். நடந்தால் ஒவ்வொரு வளைவிலும் ஊர் வேறு வடிவத்தில் திறக்கும். ஒரு வளைவில் கோட்டை மட்டும். அகழிநீர் சதுரமாக வெயிலில் மின்ன, நடுவே ஜலகண்டேஸ்வரர் கோபுரம். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த கோட்டை இவ்வளவு சிறியதா என்று தோன்றும். இன்னொரு வளைவில் கோட்டை மறைந்து, கிழக்கே இருக்கும் குன்றுகள் வரும். அவற்றின் முகட்டில் பல்வரிசையாய்த் தெரிவது சுவர். 1677-ல் சிவாஜியின் படை வேலூரை வளைத்துக்கொண்டிருந்தபோது எழுந்த சாஜ்ரா, கோஜ்ரா அரண்கள் இவை. கீழே கோட்டையைக் கட்டியவர்கள் தண்ணீரை நம்பினார்கள். முற்றுகையிட வந்தவர்கள் குன்றை நம்பினார்கள். அடுத்த வருஷம் கோட்டை விழுந்தது. மேலே நின்று இரண்டையும் ஒரே பார்வையில் பிடிக்கும்போது, புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தும் விளங்காத சண்டை விளங்கிவிடுகிறது.

வள்ளிமலையில் பார்வை விரிவதைவிட ஒடுங்குவதே அழகு. பொன்னைக்குப் பக்கத்தில், வள்ளி தினைப்புனம் காத்ததாகச் சொல்லும் குன்று. அருணகிரிநாதர் பாடிய தலம். அவருடைய திருப்புகழை ஊர் ஊராகக் கொண்டுசென்ற வள்ளிமலை சுவாமிகள் வாழ்ந்த இடம். ஏறும் வழியில் யானை படுத்திருப்பதுபோன்ற பாறையைக் காட்டுவார்கள். கிழவர் வேடத்தில் வந்த முருகனுக்காகப் பிள்ளையார் யானையாய் வந்து வள்ளியை வெருட்டிய கதை உடனே வரும். எனக்கு அதைவிடப் பிடித்தது வெயில் விழாத சுனை. இரண்டு பாறைகள் மேலே கவிந்து நிற்க, நடுவே நீர். உச்சி வேளையிலும் உள்ளே ஒரு கீற்று இறங்காது. முகத்தை நீட்டினால் குளிர் தாக்கும். சூரியன் காணாச் சுனை என்று பேர் வைத்தவர், குன்றை எல்லாப் பொழுதிலும் சுற்றிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அதே குன்றில் சமணர் குகை. பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், அடியில் கன்னட மொழிக் கல்வெட்டு. 9ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் இராசமல்லன் இந்தக் குன்றைக் கைக்கொண்டு இங்கே சமணப் பள்ளி எடுத்ததைச் சொல்கிறது. சிற்பியின் கைத்திறனை அறிய முகங்களைவிட விளிம்பைப் பாருங்கள். பாறையின் வெள்ளை வரி ஒன்று குறுக்கே ஓட, அதற்குத் தோதாக உருவத்தைக் கொஞ்சம் ஒதுக்கிச் செதுக்கியிருப்பதுபோல் எனக்குப் படுகிறது. ஆம்பூருக்குப் பக்கம் மலையாம்பட்டில் அர்மாமலைக் குகை இன்னொரு விதம். இயற்கைக் குகைக்குள் சுடாத மண்கல்லால் சுவர் எழுப்பி அறை வகுத்திருக்கிறார்கள். கூரையில் சமண ஓவியத்தின் வண்ணத் திட்டுகள் எஞ்சியிருக்கின்றன. சித்தன்னவாசலோடு ஒப்பிட்டுப் பேசப்படுபவை. போய்ச் சேர்வோர் குறைவு. கல்லே இத்தனை கிடக்கும் இடத்தில் மண்சுவரைத் தேர்ந்தெடுத்த அந்தத் துறவிகளை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

இனி ஆவாரை. இந்தக் குன்றுச் சரிவுகளின் உண்மையான உரிமையாளர் அதுதான். இடுப்பளவுப் புதர். உசிலையும் சூரைமுள்ளும் விராலியும் கூடவே நின்றாலும், பூத்தால் சரிவு முழுக்க மஞ்சள். பொங்கலுக்குப் பறித்துப் போவோம், அதோடு மறந்துவிடுவோம். ஒரு கிளையை வளைத்துக் கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள். ஐந்து இதழும் ஒரே அளவில் இல்லை; விளிம்பு கசங்கிய பட்டுத் துணியாய்ச் சுருங்கி, உள்ளே நரம்பு ஓடுவது தெரியும். மகரந்தத் தாள்கள் பத்து. மேலே உள்ளவை குட்டையானவை, மலட்டுத் தாள்கள். கீழே மூன்று நீண்டு வளைந்து நிற்கும். பூவில் தேன் கிடையாது. வருகிற வண்டு தாளைக் கவ்விக்கொண்டு சிறகுத் தசையை அதிரவிடும். அந்த அதிர்வில் மகரந்தம் நுனித் துளை வழியே தெறிக்கும். காலையில் புதருக்குள் காதை வைத்தால், பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்தைவிட உயர்ந்த சுருதியில் ஒரு சின்ன ‘ஸ்ஸிங்’ விட்டு விட்டுக் கேட்கும். அதுதான். இலைக்காம்பின் அடியில் காது மடல் போல அகன்ற செதில் இரண்டு. வேறு எந்தச் செடியோடும் குழம்ப விடாத அடையாளம்.

ஆனால் இந்தச் சீமையில் ஆவாரை பூவால் பெயர் எடுக்கவில்லை, பட்டையால் எடுத்தது. நகத்தால் கீறிச் சுவைத்தால் நாக்கு இழுக்கும் துவர்ப்பு. ஆட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, முடி கழித்து, பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்தி, கடைசியில் கடுக்காய்ச் சாறு கொடுப்பார்கள். கடுக்காய் நாள்பட்ட தோல் சிவந்துபோகாமல் காக்கும். மென்மையும் இளமஞ்சளும் கொண்ட அந்தத் தோல்தான் சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்க் கிழக்கிந்தியத் தோல் என்று பேர் வாங்கியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. பட்டை குன்றிலிருந்து, கடுக்காய் ஜவ்வாது காட்டிலிருந்து, ஊற்றுத் தண்ணீர் பாலாற்றிலிருந்து. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத்தொடங்கிய ரயில் பிறகு இந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே மேற்கே நீண்டது. ஆம்பூரில் ஏன் தோல் என்று கேட்பவரை நான் இந்தச் சரிவுக்குத்தான் கூட்டிவருவேன்.

ஒருமுறை ஆம்பூர்ப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் கிளையை வளைத்துப் பார்ப்பதைக் கவனித்துக் கிட்டே வந்தார். “இன்னாப்பா, பூவ இம்மா நேரம் பாக்குற?” என்றார். பட்டையைப் பற்றிக் கேட்டேன். “எங்க நைனா காலத்துல கட்டுக் கட்டா கொண்டுபோய் டேனரியில போடுவாங்க. மழ பேஞ்சு செடி தண்ணி இழுத்த பின்னாடி உரிக்கணும்பா. அப்பதான் கையோட வரும். காஞ்ச நாள்ல உரிச்சா குச்சியோட ஒட்டிக்கும்” என்று ஒரு சின்னக் கிளையை எடுத்து, பல்லால் முனையைக் கடித்து, ஒரே இழுப்பில் உரித்துக் காட்டினார். உள்ளே குச்சி ஈரமாய், வெள்ளையாய் வழவழத்தது. அந்த இழுப்பின் லாவகத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெம்பில்லை.

ஆப்பிரிக்க வாட்டில் பட்டை வந்ததும் ஆவாரையின் இடம் சுருங்கியது. 1970களுக்குப் பிறகு குரோம் பதனிடும் முறை வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. மலைக்கோட்டையான ஆம்பூர்த் துருகத்துப் பக்கம் மேட்டில் நின்று பார்த்தால் அந்த மாற்றம் முழுதும் கீழே விரிந்து கிடக்கும். 1749-ல் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் விழுந்த போர்க்களம் அந்தச் சமவெளிதான். பின்னாளில் ஹைதர் அலியின் முற்றுகையைத் தாங்கியது இந்தத் துருகம். இப்போது அங்கே நெடுஞ்சாலை, ரயில் தடம், தென்னந்தோப்பு, ஷூ கம்பெனிகளின் நீண்ட தகரக் கூரைகள். அவற்றுக்கு நடுவே பழைய டேனரிகளின் ஓட்டுக்கூரைகள் சிவப்பாய்த் தனித்துத் தெரியும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வட்டத் தொட்டிகளையும் காணலாம். மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வேலூர் வழக்கின் தடம் அவை. ஆற்றின் மணல் ஒரே நிறத்தில் இல்லை. அங்கங்கே பழுப்பு, அங்கங்கே கரும்பச்சைச் சீமைக்கருவேலம். அழகைப் பார்க்க ஏறியவன் அதையும் பார்க்க வேண்டும். ஆற்றுக்கு வலித்ததைக் குன்று மறைக்காமல் காட்டுகிறது. அதற்காகவும் எனக்குக் குன்றைப் பிடிக்கும்.

தோலுக்கு வேண்டியவற்றில் சுண்ணாம்பு வரும் கல்லைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நம் நாட்டில் சுண்ணாம்புக்கல் என்றாலே அரியலூர் நினைவுக்கு வரும். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. சிப்பியும் நத்தையும் படிந்து கல்லானது. உடைத்தால் சுருள் சுருளாய்ச் சங்குப் பூச்சியின் ஓடு கிடைக்கும். உலகெங்கும் கடலோரச் சுண்ணாம்புக் குன்றுகள் அப்படி உயிர்களால் ஆனவை, மழையால் உள்ளுக்குள் கரைந்து குடைபடுபவை. நம் கருங்கல் அப்படிக் கரையாது, வெளியிலிருந்து உரியும். ஆனால் திருப்பத்தூர்ப் பக்கம் சேவாத்தூரில், ஏலகிரியின் நிழலில், சுண்ணாம்பின் தன்மையுள்ள பாறை ஒன்று கருங்கல்லுக்கு நடுவே வெள்ளையாய் எட்டிப் பார்க்கிறது. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். தேடினாலும் ஒரு சிப்பி கிடைக்காது. ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏலகிரியின் பாறை உருகி மேலெழுந்த காலத்தை ஒட்டி, நெருப்புக் குழம்பாகவே வந்து உறைந்தது அது. கார்பனடைட் என்பார்கள், உலகத்தில் அரிது. வெள்ளைக்குள் மேக்னடைட் கறுப்புப் படிகங்களாய்ப் பதிந்திருக்கும். காந்தத்தை நீட்டினால் இழுக்கும். பக்கத்திலேயே வெர்மிகுலைட். தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டியெடுக்கும் இந்தத் தங்கப் பழுப்புத் தகட்டை அடுப்புச் சூட்டில் காட்டினால் புழுவைப்போல நெளிந்து நீண்டு பல மடங்கு புடைக்கும்.

போக நினைப்பவர்கள் ஐப்பசி மழை விட்டதும் போகலாம். பாறை கழுவப்பட்டு வரிகள் தெளிவாக இருக்கும், சுனைகளில் நீர் இருக்கும், ஆவாரை பூத்திருக்கும். வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் பாறை கால் வைக்க விடாது. துருகம் காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் கேட்டுவிட்டே ஏற வேண்டும். கையில் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் மைக்கா, மகரந்தத் தாள், பாறைப்பூச்சு மூன்றுக்கும் உதவும். தனிக் குன்றுகள் சிலவற்றில் கல் குவாரி பாதி வயிறு வரை வந்துவிட்டது. அவற்றுக்கு முதலில் போங்கள்.