கற்றளம் கூறும் உரைநடை

கல் பாவிய தளம் நூற்றாண்டுகள் கடந்தும் அசையாது நிற்குமாயின், அவ்வுறுதி மேலே தெரியும் கல்லால் மட்டும் வந்ததன்று. கீழே மறைந்துள்ள சுண்ணாம்பால் வந்ததாகும். இதனை அளவோடு எழுதிவைத்தவர் கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியசு. இலத்தீனில் அவர் இயற்றிய கட்டடக் கலை நூல் பத்துப் பகுதிகளை உடையது. ஏழாம் பகுதியின் முதல் அதிகாரம் தளமிடும் முறையைக் கூறுகின்றது.

அவ்வதிகாரத்தின் சிறப்பு அதன் ஒழுங்கு. முதற்கண் நிலம் எங்கும் கெட்டியாயுள்ளதா எனச் சோதித்தல்; பின்னர்க் கைப்பிடி அளவுக்குக் குறையாத கற்களைப் பரப்புதல்; அதன்மேல் உடைகல் 3 பங்கும் சுண்ணாம்பு 1 பங்கும் கலந்திட்டு, ஆட்கள் பலர் கூடி இடித்து, முக்கால் அடிக்குக் குறையாத கனமாக்குதல்; அடுத்து ஓட்டுத்தூள் 3 பங்குக்குச் சுண்ணாம்பு 1 பங்கான காரை; முடிவிலேதான் கல். உடைகல் பழைய இடிபாட்டிலிருந்து எடுத்ததாயின் 5 பங்குக்குச் சுண்ணாம்பு 2 பங்கு என்கின்றார். மாடித் தளத்தில் பலகைமேல் வைக்கோல் பரப்புக எனக் கூறுமிடத்து, சுண்ணாம்பு மரத்தைக் கெடுக்காதிருத்தற்கு எனக் காரணமும் காட்டுகின்றார். விதியும் அளவும் காரணமும் ஒருங்கே அமைதல் நல்ல உரைநடைக்கு அழகாகும்.

எனினும் நூலில் குறை இல்லாமல் இல்லை. சுண்ணாம்பின் இயல்பை விளக்கப் புகும் இரண்டாம் பகுதியில் ஆசிரியர் தவறுகின்றார். சூளையில் வெந்த கல், உருவம் குறையாமல் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைவதை அவர் கண்டார். ஆனால், நீங்கியது நீர் என்றார். உண்மையில் நீங்குவது கரியமில வாயு. தூய சுண்ணக்கல்லின் எடையில் அது நூற்றுக்கு 44 பங்கு. நீற்றிய சுண்ணாம்பு அவ்வாயுவைக் காற்றிலிருந்து மீளப் பெற்றே மெல்ல மெல்லக் கல்லாகின்றது.

ஆகவே, அவர் கருதியது பொய்த்தது. கண்டு அளந்து எழுதியதோ இன்றும் பயன்படுகின்றது. பழைய கட்டடத் தளங்களைப் புதுக்குவோர் சிலர் சிமெண்டை இட்டுக் கல் பதிக்கின்றனர். நிலத்தின் ஈரம் மேலெழ வழியின்றிச் சுவரோரம் சென்று ஏறுகின்றது. சுண்ணாம்புக் காரையோ அவ்வீரத்தை ஆவியாக வெளியே விடும். இவ்வேறுபாட்டை அறியாமையால் நல்ல கட்டடங்கள் கெடுகின்றன.

தமிழ்நாட்டுக் கொத்தனாரும் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சாந்து குழைத்தனர். அவ்வறிவில் பெரும்பகுதி கைப்பழக்கமாகவும் வாய்மொழியாகவுமே வந்தது. கையும் வாயும் ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். கட்டுரை கற்பிக்கும் தமிழாசிரியர் மாணவரைத் தொழிலாளரிடம் அனுப்பி, கண்டதைக் கண்டபடி அளவோடும் காரணத்தோடும் எழுதப் பழக்குவாராயின், தமிழ் உரைநடைக்கும் உறுதியான தளம் அமையும்.