கைகட்டி நின்று வளர்க்கும் பூ

கலிபோர்னியா பாப்பியை நன்றாக வளர்ப்பவர், தண்ணீரையும் உரத்தையும் கொடுக்காமல் இருக்கத் தெரிந்தவர். இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. செடி எந்த நிலத்தில் உருவானது என்று புரிந்தவருக்கே அந்தக் கட்டுப்பாடு கைவரும். கலிபோர்னியாவில் குளிர்காலத்தில்தான் மழை, கோடை முழுக்க வறட்சி. அதற்கேற்ப இச்செடி ஆணிவேரை நேரே கீழே இறக்குகிறது. பிடுங்கி நட்டால் வேர் அறுபட்டுத் துவண்டுபோகும். ஆகவே அக்டோபர், நவம்பரில், மழைக்கு முன்பாக, செடி நிற்கவேண்டிய இடத்திலேயே விதையைத் தூவி மண்ணை லேசாகக் கீறிவிட வேண்டும். மழை பொய்த்தால் முளைவிடும்வரை ஈரம் காட்டலாம், அவ்வளவுதான். நீர் தேங்காத மணற்பாங்கான மெலிந்த மண் போதும். எருப்போட்டுக் கொழுத்த பாத்தியில் இலை மண்டும், தண்டு சாயும், பூ குறையும்.

பூ வரும்போது அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மொட்டின் இரண்டு புல்லிகளும் ஒட்டிக் கூம்புக் குல்லாய்போல மூடியிருக்கும். உள்ளே சுருண்ட நான்கு இதழ்களும் விரிய விரிய அது மேலே தள்ளப்பட்டுக் கழன்று விழும். இதழின் மேற்தோல் செல்கள் முகடுகளாக எழும்பி, வெளிச்சத்தை நிறமியின்மேல் குவிப்பதால்தான் அந்தச் செம்மஞ்சள் அப்படித் தகதகக்கிறது. மேகம் கவிந்தாலே இதழ்கள் மூடிக்கொள்ளும். நிழலில் விதைத்தவர் இந்த அழகைத் தாமே இழக்கிறார். பூவில் தேன் கிடையாது. தேனீக்கள் மகரந்தத்துக்காகவே வருகின்றன. 1816இல் ரூரிக் என்ற ரஷ்யக் கப்பலில் சான்பிரான்சிஸ்கோ வந்த தாவரவியலாளர் ஷாமிஸ்ஸோ, உடன்வந்த கப்பல் மருத்துவர் எஷ்ஷோல்ட்ஸின் பெயரை இச்செடியின் பேரினப் பெயராகச் சூட்டினார். 1903இல் இது கலிபோர்னியாவின் மாநில மலரானது.

கோடையில் காய்ந்து பழுப்பேறி நிற்கிறதே என்று சிலர் குறைப்படுகிறார்கள். அந்தக் காய்ச்சலில்தான் நீண்ட காய்கள் முறுகி வெடித்து, அடுத்த ஆண்டுக்கான விதையைத் தெறிக்கவிடுகின்றன. மிதமான கடலோரத்தில் வேர் பிழைத்திருந்து மழையோடு மறுபடி துளிர்க்கும். பார்க்கப் பிடிக்காதவர்கள், சில காய்கள் வெடித்தபின் தரையோடு ஒட்ட வெட்டிவிடலாம். பச்சையாக வைத்திருக்க வெயிலில் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும்.

இன்னொரு குறை வலுவானது. சிலி நாட்டில் இச்செடி தோட்டம் தாண்டிப் பரவி, அந்நியக் களையாகிவிட்டது. வறட்சியைத் தாங்கும் அதே குணம் அங்கே கேடு செய்கிறது. இதற்கு என்னிடம் மறுப்பில்லை. கலிபோர்னியாவில் தயங்காமல் விதையுங்கள். அதே தட்பவெப்பமுள்ள பிற நாடுகளில், காட்டையொட்டிய தோட்டங்களில் விதைக்காதீர்கள்.