கைதட்டு எங்கே போயிற்று?

கோவை மாவட்டத்தின் கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கத்துக் கோயில் திடலில், வள்ளி கதையைப் பாடிக் கைதட்டி ஆடும் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடந்தால், மறுநாள் விடிவதற்குள் அது ஊரார் செல்போன்களுக்கு வந்துவிடும். படம் பளிச்சென்று இருக்கும். சத்தம்தான் காதில் வைக்க முடியாது. மேளம் அதிரும்போதெல்லாம் செல்போன் தானாகவே ஒலியளவைக் குறைத்துக்கொள்வதால், பாடி ஆட்டுவிக்கும் வாத்தியாரின் குரலும் சேர்ந்து அமுங்கிவிடுகிறது. அந்த ஒலியை நீக்கிவிட்டு, தெளிவான வேறொரு பதிவைப் படத்தோடு ஒட்டும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. இதை மொத்தமாகப் பாராட்டவும் முடியாது, பழிக்கவும் முடியாது. ஒட்டிய ஒலி எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

ஒலியை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. 1945இல் வெளிவந்த ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் வள்ளியாக நடித்த ருக்மிணி பாடியிருந்த பாட்டுகளுக்குப் பதிலாக, பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார் ஏவி. மெய்யப்பன். அது கதைப்படம், குரல் இரவல் என்பதால் கதை பொய்த்துவிடவில்லை. நடந்த கச்சேரியைக் காட்டும் படத்தின் கதை வேறு. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே அரங்கில் பீட்டில்ஸ் குழு பாடியதை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கேட்டனர். அதைப் படமாக்கியபோது, கூச்சலில் மூழ்கிய பாட்டுகள் சிலவற்றை லண்டனில் மறுபடி பாடிச் சேர்த்தார்கள். ஒரு பாட்டுக்கு இசைத்தட்டின் ஒலியையே வைத்தார்கள். பார்ப்பவர் அன்றைய அரங்கைக் காண்கிறார். கேட்பதோ வேறொரு நாளை.

கும்மிப் படத்தில், அதே இரவில் மைக்குகளை இணைக்கும் மிக்சரிலிருந்து நேராக எடுத்த பதிவைச் சேர்ப்பது நியாயமான திருத்தம். குரலில் சொல் தெளிகிறது; கதை புரிகிறது. வாய்வழியாகவே வந்த கலையில் சொல் பிழையின்றிக் கேட்பது சிறிய லாபமல்ல. வெளியூரில் இருக்கும் பேத்தி அதைக் கேட்டே பாட்டைப் பழகலாம். ஆனால் மிக்சருக்கு மைக் பிடித்தது மட்டுமே தெரியும். வட்டத்தில் சுற்றும் நூறு பேரின் கைதட்டும் காலடியும், பார்ப்பவர்களின் ஆரவாரமும் அதில் சரியாக விழாது. கும்மிக்குக் கைதட்டுதான் உயிர். அது இல்லாவிட்டால் ஊமைக் கைகள் காற்றில் அசைவதைத்தான் பார்ப்போம். எனவே செல்போன் ஒலியை அடியோடு வீசாமல், மிக்சர் ஒலிக்குக் கீழே மெலிதாகக் கலந்து வைப்பதே கைதேர்ந்தவர் வேலை.

ஸ்டூடியோவில் பாடிய பாட்டை ஒட்டுவது இன்னொரு வகை. இதில்தான் நட்டம் பெரிது. வாத்தியார் ஆட்டத்தைப் பார்த்துப் பாடுகிறவர். கால்கள் தளர்ந்தால் நிதானிப்பார், சூடேறினால் முடுக்குவார். ஸ்டூடியோப் பாட்டு யாரையும் பார்ப்பதில்லை. அன்று தப்பிய அடியும் அதைச் சமாளித்த சாமர்த்தியமும் அழிந்துபோகின்றன. பல ஊர்ப் படங்களுக்கும் ஒரே பாட்டை ஒட்டினால், ஊருக்கு ஊர் மாறும் மெட்டும் ஒன்றாகிவிடும். பெண்களுக்கும் வள்ளி ஒயில் கும்மியைக் கற்பித்த கோவை மாவட்டக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படிப்பட்ட ஆசான்களின் கைவண்ணம் தங்குவது இந்த வேறுபாடுகளில்தான்.

ஒலி அந்த இரவுக்குரியதா என்பதைச் சோதிக்க கும்மியே வழி வைத்திருக்கிறது. சினிமாவில் படத்தையும் ஒலியையும் பொருத்தக் கட்டையைத் தட்டுவார்கள். இங்கே அந்த வேலையைக் கைகளே செய்கின்றன. உள்ளங்கைகள் சேரும் படத்தையும் ஒலியில் தட்டு விழும் இடத்தையும் நேராக வைத்தால் போதும். அதே இரவின் பதிவென்றால் கடைசிவரை கூடவே வரும். நீண்ட ஆட்டத்தில் இரு கருவிகளின் ஓட்டம் சற்றே விலகினாலும் இடையிடையே சரிசெய்துகொள்ளலாம். வேற்று ஒலியோ சில அடிகளிலேயே பிசகும். ஒரு கண்ணி மட்டும் உண்டு: தட்டு திரும்பத் திரும்ப வருவதால், ஒரு சுற்றுத் தள்ளி ஒட்டினாலும் பொருந்தியதுபோலவே இருக்கும். வாத்தியாரின் உதட்டையும் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

தறிக்காரர்கள் நிறைந்த வட்டாரம் இது. பாவு ஒன்று, ஊடை ஒன்று என்று நெய்வது குற்றமல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். கலப்பு நூலைச் சுத்தப் பருத்தி என்று விற்பதுதான் குற்றம். படத்தின் கீழே ‘ஒலி: அதே இரவு, மிக்சர்’ என்றோ ‘ஒலி: ஸ்டூடியோப் பாட்டு’ என்றோ ஒரு வரி போதும். மூலப் பதிவை மட்டும் அழித்துவிடக் கூடாது. இரைச்சலாக இருந்தாலும், அன்று திடலில் தட்டிய கைகளின் சத்தம் அதில்தான் இருக்கிறது.