யார் ஜெயித்தது?

பொம்மிடி ரயில் நிலையத்தில் சேலம் போகும் வண்டிக்காகக் காத்திருந்தபோது, 2024-ஆம் வருஷத்துக் கோடையில், ஒரு யுத்தத்தை மிக அருகிலிருந்து கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. யுத்தம் செய்தவர்கள் கல்லூரிக்குப் போகிற வயதுள்ள இரண்டு பிள்ளைகள். காரணம் நிலமும் அல்ல, பெண்ணும் அல்ல. காட்ஸில்லா என்ற ராட்சஸப் பல்லியும் கிங்காங் என்ற ராட்சஸக் குரங்கும்தான். இரண்டும் சேர்ந்து தோன்றும் புதுப் படத்தை முன் வாரம் சேலத்தில் தமிழ்க் குரலில் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

"உங்காளு கையில கோடாலி இல்லேன்னா என்ன பண்ணுவான்?" என்றான் ஒருவன்.

"உங்காளு வாயில நெருப்பு விடாம வரட்டும், அப்பப் பாக்கலாம்" என்றான் மற்றவன்.

இவன் உயரத்தைச் சொன்னால் அவன் புத்தியைச் சொன்னான். இவன் முந்திய படத்தை இழுத்தால் அவன் அதற்கும் முந்தியதை இழுத்தான். கடைசியில் மத்தியஸ்தத்துக்கு என்னிடம் வந்தார்கள். "ஐயா, நீங்க எந்தப் பக்கம்?"

"படம் எப்படி இருந்தது?" என்று நான் கேட்டேன்.

"படம் கெடக்குதுங்க. யாரு பெரியவன், அதச் சொல்லுங்க."

படம் கிடக்கிறதாம்! விமரிசனம் எழுதிப் பிழைக்கிறவன் காதில் இதைவிட நாராசமான வார்த்தை விழ முடியாது. ஆனால் ரசிகர் உலகத்தின் சாஸ்திரம் முழுவதையும் அந்தப் பிள்ளை இரண்டே வார்த்தைகளில் சொல்லிவிட்டான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கதை கிடக்கட்டும், நடிப்புக் கிடக்கட்டும், யார் ஜெயித்தது?

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஏனென்றால், அந்த இரண்டு பூதங்களும் பிறந்தபோது இது அவற்றின் கதையிலேயே இல்லை. 1933-ல் வந்த முதல் கிங்காங் படத்தில் அந்தக் குரங்கு தோற்றுப் போகிறது. தன் தீவிலிருந்து சங்கிலி போட்டு நியூயார்க்குக்குக் கொண்டுவரப்பட்டு, வேடிக்கைப் பொருளாகி, அங்கிருந்து தப்பி, வானளாவிய கட்டிடத்தின் உச்சியில் ஆகாய விமானங்களால் சுடப்பட்டுத் தரையில் விழுந்து சாகிறது. 1954-ல் ஜப்பானில் பிறந்த காட்ஸில்லாவும் அப்படியே. அந்த வருஷம் மார்ச் மாதத்தில்தான் அமெரிக்கர்கள் பசிபிக் சமுத்திரத்தில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடி படகின் மேல் விழுந்திருந்தது. அந்தப் பீதி ஆறும் முன்பே, குண்டு வெடிப்பால் கிளம்பிய மிருகமாகக் காட்ஸில்லாவைத் திரையில் எழுப்பினார் இஷிரோ ஹோண்டா. முடிவில் கடலடியில் அது கரைந்து போகிறது. அதைக் கொல்லும் ஆயுதத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானியும், அது இன்னொருவர் கையில் சிக்கிவிடக் கூடாதென்று, தன் காற்றுக் குழாயைத் தானே அறுத்துக்கொண்டு அங்கேயே சாகிறான். இரண்டு படங்களிலும் பூதம் செத்த பிறகு, சனியன் தொலைந்தது என்று நமக்குத் தோன்றுவதில்லை. ஐயோ பாவம் என்றுதான் தோன்றுகிறது. இரண்டுமே தோற்றவர்களின் கதைகள்.

தோற்ற இருவரையும் கோதாவில் இறக்கி, ஒருவனை ஜெயிக்க வைக்கலாம் என்று தோன்றியது 1962-ல். ஜப்பானின் டோஹோ கம்பெனி தன் முப்பதாவது ஆண்டு விழாவை ஒட்டி இரண்டையும் மோதவிட்டது. அதில் ஒரு சங்கடம். 1933-ல் நியூயார்க்கில் திரிந்த கிங்காங்கின் உயரம் சுமார் 24 அடி. காட்ஸில்லாவோ 50 மீட்டர், அதாவது 160 அடிக்கு மேல். மோதவிட்டால் மிதிபட்டுச் செத்துப்போகும். ஆகவே குரங்கை 45 மீட்டருக்கு வளர்த்தார்கள். அமெரிக்கர்களும் பிற்பாடு இதே காரியத்தைச் செய்தார்கள். 2017-ல் 104 அடியாக இருந்த கிங்காங், 2021-ல் காட்ஸில்லாவைச் சந்திக்க வேண்டி வந்தபோது 337 அடியாகிவிட்டது. எதிராளி 393 அடி. இரண்டு கதாநாயகர்களைப் போட்டுப் படம் எடுக்கிற நம் ஊர்த் தயாரிப்பாளருக்கு இது புதிதல்ல. அவருக்கு மூன்று பாட்டு என்றால் இவருக்கும் மூன்று பாட்டு; அவர் பெயர் மேலே என்றால் இவர் பெயர் முதலில்.

1962-ஆம் வருஷத்துப் படத்தை நான் சாமான்யமானதாக நினைக்கவில்லை. அதில் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் வருகிறார். தம் கம்பெனி பணம் கொடுத்து நடத்தும் டெலிவிஷன் நிகழ்ச்சியை ஜனங்கள் பார்க்கவில்லையே என்ற கவலை அவருக்கு. விளம்பரத்துக்காக ஒரு பூதத்தைத் தேடித் தீவுக்கு ஆளனுப்புகிறார். பூதம் கிடைக்கிறது, சண்டை மூள்கிறது, மனுஷருக்கு ஒரே ஆனந்தம். எந்தப் படத்தைப் பார்த்து ஜனங்கள் கட்சி பிரிந்தார்களோ, அந்தப் படமே கட்சி பிரித்து விடுகிற வியாபாரியைப் பார்த்துச் சிரிக்கிறது! ஆனால் 1963-ல் அமெரிக்காவில் வெளியானபோது இந்தக் கேலியில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு, செய்தி வாசிப்பவர் ஒருவரை நடுநடுவே உட்கார வைத்துவிட்டார்கள். சிரிப்புப் போயிற்று, சண்டை மிஞ்சிற்று.

அந்தச் சண்டையிலிருந்து ஒரு வதந்தியும் பிறந்தது. ஜப்பானியப் பிரதியில் காட்ஸில்லா ஜெயிக்கிறது, அமெரிக்கப் பிரதியில் கிங்காங் ஜெயிக்கிறது என்று ரசிகர் பத்திரிகைகள் எழுதின. பல வருஷ காலம் அதை உலகம் நம்பிற்று. உண்மை அதுவல்ல. இரண்டு பிரதிகளிலும் இரண்டு மிருகங்களும் கட்டிப் புரண்டு கடலில் விழுகின்றன. இரண்டிலும் கிங்காங் மட்டும் வெளியே வந்து தன் தீவை நோக்கி நீந்திப் போகிறது. வித்தியாசம் எங்கே என்றால், ஜப்பானியப் பிரதியின் கடைசியில் இரண்டின் உறுமலும் கேட்கிறது. அமெரிக்கப் பிரதியில் ஒன்றின் உறுமல் மட்டும். ஓர் உறுமல்தான் வித்தியாசம்! அதிலிருந்து இரண்டு முடிவுகளைக் கட்டிவிட்டது ரசிகரின் ஆசை.

ஜப்பானில் வதந்தியாக இருந்தது நம் பக்கத்து வீட்டில் நிஜமாகவே நடந்தது. 1998-ல் மலையாளத்தில் பாசில் எடுத்த 'ஹரிகிருஷ்ணன்ஸ்' படத்தில் மம்மூட்டியும் மோகன்லாலும் சேர்ந்து நடித்தார்கள். கதாநாயகி ஒருத்தி, அவள் யாரைத் தேர்ந்தெடுப்பது? ஒரு பிரதியில் இவரை, இன்னொரு பிரதியில் அவரை. எந்த ஊரில் எவருக்கு ரசிகர் அதிகமோ அதற்கேற்ற முடிவு. தராசில் எடை குறையாத வியாபாரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றி யோசித்துப் பாருங்கள். அவள் மனசில் யார் இருக்கிறான் என்பதை அவள் தீர்மானிக்கவில்லை. டிக்கெட் விற்கிற இடம் தீர்மானிக்கிறது.

கட்சி கட்டுவதே தப்பு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நம் ரத்தத்தில் ஊறினது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் பண்டிகையில் லாவணி பாடுவார்கள். சிவபெருமானின் நெற்றிக் கண்ணால் மன்மதன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. டேப் அடித்துக்கொண்டு விடிய விடியக் கேள்வியும் பதிலும் பாட்டாகவே போகும். தீர்ப்புச் சொல்லி விஷயத்தை முடித்துவிட்டால் அடுத்த மாசியில் பாட வேலையில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வழக்கில் ஒரு மரியாதை இருந்தது. எதிர்க்கட்சிக்காரன் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டால்தான் பதில் பாட்டு வரும். புராணம் தெரியாதவன் அங்கே வாயைத் திறக்க முடியாது. இன்றைய சினிமாக் கட்சிக்காரருக்கு எதிர்க்கட்சிப் படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே கிடையாது. அதன் வசூல் கணக்குத் தெரிந்தால் போதும். நூறு கோடியா, நூற்றைம்பதா என்று நள்ளிரவில் அடித்துக்கொள்கிறார்கள். முதலாளியின் கல்லாப் பெட்டிக்குச் சம்பளமில்லாத கணக்குப்பிள்ளையாக இருப்பதில் என்ன சுகமோ, எனக்கு விளங்கவில்லை. பொம்மிடிப் பிள்ளைகள் எவ்வளவோ மேல்; அவர்கள் அடிக்கணக்கைத்தான் சொன்னார்கள், ரூபாய்க் கணக்கைச் சொல்லவில்லை.

தமிழ்த் திரையில் இந்த விவகாரத்தின் மூலக் கதை 'கூண்டுக்கிளி'. காட்ஸில்லா பிறந்த அதே 1954-ல், ஆகஸ்டு மாதம் வெளிவந்தது. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் சேர்ந்து நடித்த ஒரே படம். அந்த வருஷம்தான் சிவாஜிக்கு 'மனோகரா' வந்து ஊரெல்லாம் வசனம் பேசிக்கொண்டிருந்தது; எம்.ஜி.ஆருக்கு 'மலைக்கள்ளன்' வந்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. இரண்டு பேரையும் ஒரே திரையில் கொண்டுவந்த டைரக்டர் டி.ஆர்.ராமண்ணா செய்தது துணிச்சலான காரியம். அதைவிடத் துணிச்சல் கதை வசனம் எழுதிய விந்தனுடையது. 'பாலும் பாவையும்' எழுதிய நாவலாசிரியர் அவர். ஏழைகளுக்காக எழுதியவர், யாருக்கும் சலாம் போடாதவர்.

சமன் செய்கிற வேலையை விந்தன் செய்யவில்லை. சாகப் போன ஜீவாவைத் தங்கராஜ் காப்பாற்றி வீட்டுக்கு அழைத்து வருகிறான். வந்த இடத்தில், தான் ஆசைப்பட்ட பெண்தான் நண்பனின் மனைவி என்று ஜீவாவுக்குத் தெரிகிறது. தெரிந்தும் ஆசை அடங்கவில்லை. அவன் செய்த குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நண்பன் சிறைக்குப் போகிறான். இவன் வெளியில் நின்று அந்தப் பெண்ணைச் சுற்றி வருகிறான். தங்கராஜ் எம்.ஜி.ஆர், ஜீவா சிவாஜி. ஒருவன் உத்தமன், மற்றவன் விழுந்தவன். கதையின் கண் முழுவதும் விழுந்தவன் மேல்தான் இருக்கிறது. இது கெட்டவன் ஒருவனின் கதைகூட அல்ல. நன்றிக்கும் ஆசைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டவன் கதை. கூண்டுக்கிளி யார் என்று என்னைக் கேட்டால், ஜீவாதான் என்பேன்.

படம் ஓடவில்லை. பிறகு அந்த இருவரும் சேர்ந்து நடிக்கவும் இல்லை. நண்பன் மனைவியை விரும்புகிற கதையை அந்தக் காலத்து ஜனங்கள் ஏற்கவில்லை என்று காரணம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் வேறு ஒன்றும் இருந்தது என்பது என் அபிப்பிராயம். ஒரு கட்சி தன் ஆள் தாழ்வதைப் பார்க்க மாட்டேன் என்று வருகிறது. மறு கட்சி அவன் அடி வாங்குவதை மட்டும் பார்க்க வருகிறது. ஜீவாவின் வேதனையைப் பார்க்கக் கொட்டகையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? கதையாசிரியன் என்ற ஜாதியில் பிறந்தவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. விந்தன் ஒரு மனுஷனைப் படைத்தார்; பார்த்தவர்களுக்கு ஒரு வேட்பாளர்தான் தென்பட்டார்.

இதற்கு நேர்மாறான சபை ஒன்று தர்மபுரிச் சீமையிலேயே உண்டு. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து ஆடுவார்கள். கடைசி இரவில் பதினெட்டாம் போர்; விடிந்ததும் படுகளம். களத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், எத்தனையோ ஆள் நீளம். பொம்மிடிக்காரருக்கு ராட்சஸ உருவத்தைக் காட்ட ஜப்பானிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை! பீமன் ஜெயிப்பான் என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். இருந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் சாதாரண ஆட்டக்காரராக இருந்தால் சபை பொறுக்காது. அவன் தொடை பிளந்ததும், திரௌபதி சபதம் நிறைவேறிக் கூந்தலை முடிந்ததும், அவனுக்காக ஒப்பாரி வைப்பதுண்டு. அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்கள் பாண்டவர் பக்தர்கள்தான். சாமி கும்பிடுவது திரௌபதியை, அழுவது துரியோதனனுக்கு.

இதை மனசில் வைத்துக்கொண்டு 2021-ல் வந்த அமெரிக்கப் படத்தை மறுபடி பார்த்தேன். ஒருவர் வீழ்வார் என்று விளம்பரத்திலேயே பறைசாற்றி, நீ எந்தப் பக்கம் என்று ஜனங்களையும் கேட்டு, கட்சி பிரித்துவிட்டே வெளியிட்டார்கள். டைரக்டர் ஆடம் விங்கார்ட். படத்தில் மனிதர்கள் வருகிற பகுதி பெரும்பாலும் அபத்தம். ஃப்ளோரிடாவில் பூமிக்குள் இறங்குகிற ஒரு கூட்டம் சுரங்க வழியாக ஹாங்காங்கில் வந்து எழும்புகிறது, கேட்பாரில்லை. ஆனால் சண்டையில் அவர் ஏமாற்றவில்லை. காட்ஸில்லா ஜெயிக்கிறது, சந்தேகத்துக்கு இடமில்லாமல். பின்னர் இரண்டு கட்சியையும் சமாதானம் செய்வதற்காக ஓர் இயந்திரக் காட்ஸில்லா வருகிறது. இருவரும் சேர்ந்து அதைப் பிய்த்தெறிகிறார்கள். இது பழைய உபாயம். பங்காளிகள் ஒன்றுசேர ஊரான் ஒருவன் அடி வாங்க வேண்டும்.

ஆனால் அந்தத் தோல்விக்கும் சமாதானத்துக்கும் நடுவில் ஒரு காட்சி இருக்கிறது. கிங்காங் இடிபாடுகளுக்கிடையே மல்லாந்து கிடக்கிறான். ஜியா என்ற சிறுமி, காது கேளாதவள். நடித்த பெண்ணும் அப்படியே. அவள் தரையில் கையை வைத்து, அவன் இதயத் துடிப்பு மெள்ள மெள்ளக் குறைவதை உள்ளங்கையால் உணர்கிறாள். ஊரே அதிர உறுமுகிற படத்தில், சத்தத்தைக் கேட்க முடியாத ஒரு குழந்தைதான் கீழே விழுந்தவனைக் கவனிக்கிறது. 1933-ல் கட்டிடத்தின் கீழே விழுந்து கிடந்த குரங்கு இங்கே மறுபடி வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் அரைமணி நேரம் நான் கேட்ட வாதத்தில் இந்தக் காட்சி ஒரு தரம்கூட வரவில்லை. காட்ஸில்லாக் கட்சிக்கு அது தேவைப்படவில்லை, கிங்காங் கட்சிக்கு அது ஞாபகமில்லை. காட்சி என்னவோ இரண்டொரு நிமிஷந்தான். அதற்குள் மின்சாரம் பாய்ச்சி அவனை எழுப்பிவிடுகிறார்கள். அடுத்த சண்டைக்கு நேரமாகிவிட்டது.